வோல்வோ லாரியின் முதுகில் ஸ்மார்ட் கார், பின்னால் 40 அடி டிரைலர்: சேஸிஸை வெட்டுமுன் ஒரு கேள்வி

டாலஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டாலஸ் பகுதியில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து அண்மையில் ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் அவரவர் குடும்பத்தோடு தனித்தனியே போய்விட்டதால், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, எங்கள் ஃபிஃப்த் வீல் டிரைலரிலேயே (இழுக்கும் வண்டியின் முதுகிலுள்ள கொக்கியில் மாட்டும் வீட்டு வண்டி) சில ஆண்டுகள் ஊர் ஊராகத் தங்கி வாழ்வது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். டிரைலர் முழுப் பாரத்தோடு 18,000 பவுண்டு. இதுவரை இரட்டைப் பின் சக்கரம் கொண்ட பிக்கப்பில்தான் இழுத்து வந்தேன். கொலராடோ மலையிறக்கம் ஒன்றில் பிரேக் சூடேறிய வாடை அடித்த அன்றே, இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

ஆகவே 2006ஆம் ஆண்டு வோல்வோ விஎன்எல் 670 ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். டி12 எஞ்சின், 61 அங்குல ஸ்லீப்பர் (ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னுள்ள படுக்கை அறை), பின்னால் இரட்டை அச்சு. டிரைலரை ஓர் இடத்தில் நிறுத்திய பிறகு, பால் வாங்க அந்த லாரியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாது. அதனால் ஸ்லீப்பருக்கும் டிரைலருக்கும் இடையே ஒரு மேடை அமைத்து, அதில் இரண்டாம் தலைமுறை ஸ்மார்ட் ஃபார்டூ காரைக் குறுக்காக ஏற்றிச் செல்ல விரும்புகிறேன். பலர் இப்படிச் செய்திருப்பதை முகாம் இடங்களில் பார்த்திருக்கிறேன்.

நான் அளந்தவை: முன் பம்பரிலிருந்து ஸ்லீப்பரின் பின்சுவர் வரை 186 அங்குலம். டிரைலரின் அகலம் 100 அங்குலம். அதன் மூக்கு, கொக்கியில் மாட்டும் ஆணியான கிங் பின்னுக்கு முன்னால் 20 அங்குலம் நீண்டிருக்கிறது. கிங் பின்னிலிருந்து டிரைலரின் கடைசி வரை 464 அங்குலம். எடை மேடையில் வெறும் லாரி முன்னச்சில் 11,200 பவுண்டும் பின்னச்சுகளில் 6,900 பவுண்டும் காட்டியது.

பின்னச்சு இரண்டில் ஒன்றைக் கழற்றிவிடுவது நல்லதா? காரும் கொக்கியும் எந்த இடத்தில் வர வேண்டும்? நான் விசாரித்த ஒரு பட்டறையில், சேஸிஸின் பின்பகுதியை வெட்டி, புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்து, இரண்டு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொன்ன வேகமே எனக்குச் சற்று அச்சமாக இருக்கிறது.

---

ஊர்சுற்றி எழுதியது:

ஐயா, அச்சம் நியாயமானது. பட்டறைக்காரர் கையில் வெட்டும் கருவி போவதற்கு முன்னால் உங்கள் கையில் அளவுநாடா போக வேண்டும். நான் இதே ஏற்பாட்டோடு எட்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். முதல் ஆண்டில் செய்த பிழையின் விலையை நானே கொடுத்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது கிங் பின்னுக்கும் காருக்கும் இடையே விடும் தூரம்தான். டிரைலரின் அகலம் 100 என்றால் அதில் பாதி 50, ஆகவே 50 அங்குலம் விட்டால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லாரி வளையும்போது டிரைலரின் பக்கவாட்டுச் சுவர் அல்ல, மூக்கின் மூலைதான் காரை நோக்கிச் சுழன்று வரும். அந்த மூலை கிங் பின்னிலிருந்து பக்கவாட்டில் 50 அங்குலமும் முன்னால் 20 அங்குலமும் தள்ளி இருந்தால், நேர்க்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 54 அங்குலம். பள்ளிக்கூடத்தில் படித்த கர்ணம்தான், வேறொன்றும் இல்லை. இதற்கு மேல் 6 அங்குலமாவது இடைவெளி வேண்டும், ஏனென்றால் சாலையிலிருந்து எரிபொருள் நிலையத்துக்குள் ஏறும் மேட்டில் லாரியின் பின்புறம் தாழும்போது டிரைலரின் மூக்கு ஸ்லீப்பர் பக்கமாகச் சாய்ந்து வரும்.

எனக்கு நேர்ந்தது அத்தகைய இடத்தில்தான். நெருக்கமான ஒரு நிலையத்தில் இடப்பக்கம் முழுதாக ஒடித்துத் திருப்பினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது மைல் தள்ளி நிறுத்தியபோது, காரின் பக்கக் கண்ணாடி கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பதையும், கதவில் கோடு இழுத்தாற்போல ஒரு கீறல் ஓடியிருப்பதையும் என் மனைவிதான் முதலில் பார்த்தார். மேடையை மாற்ற வழியில்லை. கொக்கியைக் கழற்றிப் பின்னால் தள்ளிப் பொருத்த ஒரு மாதம் ஆயிற்று.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். ஸ்லீப்பருக்குப் பின் 10 அங்குல இடைவெளி. காரின் உடல் அகலம் 61.4 அங்குலம், கண்ணாடிகளை மடக்கினாலும் இரு பக்கமும் சற்று நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் 66 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிங் பின் வரை 60. ஆக, முன் பம்பரிலிருந்து கிங் பின் 322 அங்குலத்தில் வருகிறது. அதோடு டிரைலரின் 464ஐக் கூட்டினால் 786 அங்குலம், அதாவது 65 அடி 6 அங்குலம். டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இத்தகைய இணைப்புக்கு உச்ச நீளம் 65 அடி. அரை அடி அதிகமாக இருக்கிறீர்கள். டிரைலரின் பின்னால் ஏணி மாட்டியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் அளந்தீர்களா என்று மறுபடி பாருங்கள்.

ஆனால் மனம் தளர வேண்டாம். நான் சொன்ன 54 என்பது மூலை செங்கோணமாக இருந்தால் வரும் அளவு. பெரும்பாலான டிரைலர்களின் மூக்கு உருண்டிருக்கும். டிரைலரைச் சமதளத்தில் நிறுத்தி, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி, கிங் பின்னின் நடுவிலிருந்து தொங்கவிட்டுத் தரையில் ஒரு சுண்ணக்கட்டிப் புள்ளி வையுங்கள். மூக்கின் விளிம்பில் ஐந்தாறு இடங்களிலிருந்தும் அப்படியே குண்டைத் தொங்கவிட்டுப் புள்ளி வைத்து, முதல் புள்ளியிலிருந்து எது மிகத் தொலைவில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. சில அங்குலங்கள் மிச்சமாகலாம்.

ஏற்றுவது பற்றியும் ஒரு சொல். மேடை தரையிலிருந்து சுமார் 46 அங்குல உயரத்தில் அமையும். 10 அடி நீளச் சாய்தளம் போட்டால் 22 டிகிரிக்கு மேல் சரிவு வரும். முதன்முறை ஏற்றும்போது கண்ணாடி வழியே வானம் மட்டும்தான் தெரியும். லாரியின் பின்புறக் காற்றுப் பைகளில் உள்ள காற்றை முதலில் இறக்கிவிட்டால் மேடை சில அங்குலம் தாழும். ஸ்மார்ட்டுக்கு எஞ்சினும் இழுவையும் பின் சக்கரத்தில் என்பதால், முன்பக்கமாக ஏறும்போது எடை முழுவதும் இழுக்கும் சக்கரத்தின் மீதே சாய்கிறது. பிடிமானம் நன்றாகவே இருக்கிறது. சாலையோரம் ஏற்ற நேர்ந்தால் போக்குவரத்து இல்லாத வலப்பக்கத்திலிருந்து ஏறும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

---

மிச்சிகன் பொறியாளர் எழுதியது:

ஊர்சுற்றி அவர்கள் நீளத்தைச் சொல்லிவிட்டார்; நான் எடையைச் சொல்கிறேன். அதற்கு முன் அந்த வெல்டிங்.

இவ்வகை லாரிகளின் சேஸிஸ் வெப்பப் பதனம் செய்த எஃகினால் ஆனது. அதன் நெகிழ்வலிமை சதுர அங்குலத்துக்கு 1,20,000 பவுண்டு அளவில் இருக்கும். வெல்டிங் செய்யும் சூட்டில், பற்று வைத்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் அந்தப் பதனத்தை இழந்து மென்மையாகிவிடும். விரிசல் பற்றுக்குள் தோன்றாமல் அதன் ஓரத்தில் தோன்றும். இரட்டை அச்சு கொண்ட லாரியில் பின்னால் ஏற்கெனவே நீளம் உண்டு, அச்சின் இடத்தை மாற்றினாலே பெரும்பாலும் போதும். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால், உற்பத்தியாளர் வெளியிட்டிருக்கும் மேற்கட்டுமானக் கையேட்டில் எந்த இடத்தில், எந்த முறையில், உள்ளே எத்தகைய வலுவூட்டும் தகட்டோடு என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கையேட்டைப் பட்டறைக்காரர் எடுத்துக் காட்டட்டும். மேடையைப் பொருத்தும்போதும் சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடவே கூடாது. துளைகள் நடுச்சுவரில் மட்டும், போல்ட் போட்டு.

அச்சைக் கழற்றுவது பற்றி: இரட்டை அச்சில் முன்னால் இருப்பதற்குள்தான் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் இருக்கிறது, பின்னால் இருப்பது எளிய அச்சு. ஆகவே முன்னதை எடுத்துவிட்டு, பின்னதை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை அதற்கேற்ப நீட்டி, நடுவில் தாங்கு பேரிங் சேர்ப்பது வழக்கம். இதனால் லாரி 2,000 பவுண்டுக்கு மேல் இலேசாகும். அச்சுகளை எண்ணிக் கட்டணம் வாங்கும் சுங்கச் சாலைகளிலும் மிச்சம். ஆனால் உங்கள் விஷயத்தில் முக்கியமான ஆதாயம் வேறு. காருக்கு அடியில் டயர் வராது என்பதால் மேடையைத் தாழ்வாக அமைக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். கொக்கிக்கு 36 அங்குலம் முன்னால் ஒற்றைப் பின்னச்சு வருவதாகவும், முன்னச்சு பம்பரிலிருந்து 50 அங்குலத்தில் இருப்பதாகவும் கொண்டால், இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 236 அங்குலம். டிரைலர் தன் கிங் பின் வழியே கொக்கியின் மீது 3,600 பவுண்டு அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது ஃபிஃப்த் வீலுக்குப் பொதுவான மதிப்பு. இந்தப் பாரம் அச்சுக்குப் பின்னால் விழுவதால் சீசா பலகையைப் போல முன்னச்சைத் தூக்கும். தூக்கும் அளவு சுமார் 550 பவுண்டு. கார் 1,850, மேடையும் சாய்தளங்களும் 1,400 என்றால் மொத்தம் 3,250 பவுண்டு பின்னச்சுக்கு 57 அங்குலம் முன்னால் உட்காருகிறது. அது முன்னச்சில் சுமார் 785 பவுண்டைச் சேர்க்கிறது. ஆக, காரும் டிரைலரும் சேர்ந்திருக்கும் நாளில் முன்னச்சில் இன்றுள்ளதைவிட 235 பவுண்டு கூடுதலாக இருக்கும். காரை இறக்கிவிட்டு டிரைலரை மட்டும் இழுக்கும் நாளில் சுமார் 210 பவுண்டு குறையும். 11,200 பவுண்டு இருக்கும் முன்னச்சுக்கு இரண்டுமே பொருட்டல்ல. பின்னச்சில் சேர்வது 6,600 பவுண்டு அளவு; கழற்றிய அச்சின் எடையைக் கழித்துப் பார்த்தால் மொத்தம் 12,000 பவுண்டைத் தாண்டாது. கூட்டரசு நெடுஞ்சாலைகளில் ஒற்றை அச்சுக்கு வரம்பு 20,000 பவுண்டு. எனவே ஒற்றை அச்சு தாராளமாகப் போதும். கொக்கியை இன்னும் பின்னால் தள்ளும் ஆசை மட்டும் வேண்டாம். தள்ளத் தள்ள முன்னச்சு இலேசாகிக்கொண்டே போகும், ஈரச் சாலையில் திருப்பும்போது அது தெரியும்.

காரைக் கட்டும் முறையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. குறுக்காக நிற்கும் காருக்கு, லாரியின் பிரேக் பக்கவாட்டு விசையாக வருகிறது. சரக்கு வாகன விதிகளின்படி, சரக்கைப் பிடித்திருக்கும் கட்டு முன்னோக்கிப் புவியீர்ப்பின் 0.8 மடங்கைத் தாங்க வேண்டும். 1,850 பவுண்டு காருக்கு அது 1,480 பவுண்டு. அந்த விசை காரை அதன் ஸ்பிரிங் மீது ஸ்லீப்பர் பக்கம் சாய்க்கும். ஆகையால் காரின் உடலைக் கீழே இழுத்துக் கட்டுவதோடு நிற்காமல், டயர்களைச் சுற்றி வலைப்பட்டை போட்டு, ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரையும் ஒட்டி மேடையில் நாலைந்து அங்குல உயரத் தடுப்பு வையுங்கள். முன்னாலும் பின்னாலும் கட்டு இருக்க வேண்டும் என்பது விதி. நான்கு சக்கரத்துக்கும் நான்கு கட்டு என்பது என் விருப்பம்.

---

கடைசி பெஞ்ச் எழுதியது:

எல்லாரும் நீளத்தையும் எடையையும் பேசுகிறீர்கள். அகலத்தை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? இரண்டாம் தலைமுறை ஸ்மார்ட்டின் நீளம் 106.1 அங்குலம். குறுக்கே ஏற்றினால் அதுவே லாரியின் அகலமாகிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தேசிய நெடுஞ்சாலை வலையமைப்பில் அனுமதி 102 அங்குலம். பக்கத்துக்கு இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெய்யில் மறைப்புத் துணி போன்ற துணைப் பொருத்துகள் நீட்டிக்கொண்டிருந்தால் பொழுதுபோக்கு வாகனங்களுக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன. ஆனால் கார் துணைப் பொருத்து அல்ல, அது சரக்கு. சேஸிஸ் சட்டத்தை வெட்டி ஒட்டலாம். இந்தச் சட்டத்தை வெட்ட முடியாது.

“நூற்றுக்கணக்கானோர் ஓட்டுகிறார்கள், யாரும் நிறுத்தவில்லை” என்ற பதில் வரும் என்று தெரியும். நிறுத்தாமல் இருக்கலாம். விபத்து ஒன்று நேர்ந்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அளவுநாடாவோடு வரும் நாளில் அந்த நூற்றுக்கணக்கானோர் யாரும் உடன் வரமாட்டார்கள்.

முதல் தலைமுறை ஸ்மார்ட் 2.5 மீட்டர் நீளம்தான், அதாவது 98.4 அங்குலம், வரம்புக்குள் அழகாக அடங்கும். அது அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை, கனடாவில் விற்றார்கள். ஆனால் 25 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு இறக்குமதித் தடை இல்லை என்பதால், 1998இல் ஐரோப்பாவில் வெளிவந்த முதல் கார்கள் 2023இலிருந்து வரத் தொடங்கிவிட்டன. உதிரிப் பாகம் கிடைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம், இரண்டாம் தலைமுறைக்கும் நிலைமை நாளுக்கு நாள் அப்படித்தான் ஆகிறது. 2019ஆம் ஆண்டு மாடலோடு ஸ்மார்ட் அமெரிக்காவை விட்டே போய்விட்டது.

என்னைக் கேட்டால், அம்மையார் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வரட்டும் என்பேன். வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். ஆனால் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

---

ஊர்சுற்றி எழுதியது:

அகலத்தைப் பற்றி அவர் சொன்னது சரியே, மறுக்கவில்லை. ஸ்மார்ட்டின் முன், பின் பம்பர் உறைகள் பிளாஸ்டிக்கால் ஆனவை, திருகுகளைக் கழற்றினால் வந்துவிடும். நெடும்பயணத்துக்கு முன் கழற்றி, சேர்ந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் காரில் உறையைக் கழற்றச் சொல்லி நீங்களே அளந்து பாருங்கள்.

சொல்ல விட்டுப்போனவை சில. லாரியோடு வந்த சரக்கு டிரைலர் தட்டிலேயே உங்கள் டிரைலரை மாட்டி ஓட்டாதீர்கள். கிங் பின் இரண்டுக்கும் ஒரே 2 அங்குலம் என்பதால் மாட்டத்தான் செய்யும். ஆனால் லாரியின் முரட்டு அதிர்ச்சி முழுவதும் டிரைலரின் மெல்லிய முன்சட்டத்துக்குப் போய், காலப்போக்கில் அங்கே விரிசல் விடும். காற்றுப் பை வைத்த கொக்கியே வேண்டும். லாரியின் பிரேக் காற்றில் இயங்குகிறது, உங்கள் டிரைலரின் பிரேக் மின்சாரத்தில். காற்றழுத்தத்தை உணர்ந்து மின்னோட்டமாக மாற்றிக் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும், விளக்கு இணைப்புகளை மாற்றிக் கொடுக்கும் பெட்டியும் தேவை. உரிமத்தைப் பொறுத்தவரை, டெக்சாஸில் மொத்த இணைப்பு 26,001 பவுண்டை எட்டி, டிரைலர் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், சொந்தப் பயன்பாட்டுக்கும் வணிகமல்லாத ஏ வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் இந்த வண்டியை என்ன பெயரில் ஏற்றுக்கொள்ளும் என்பதை வெட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதில் நான் இரண்டு மாதம் அலைந்தேன்.

---

டாலஸ்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை தூக்குக்குண்டோடு இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் என்ன செய்கிறேன் என்று கேட்டு, பதில் சொன்ன பிறகு அவரும் வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மூக்கின் விளிம்பில் ஏழு புள்ளிகள் வைத்தோம். மிகத் தொலைவில் இருந்தது 51 அங்குலம். கணக்கில் வந்த 54 இல்லை. இடைவெளி 6 சேர்த்தால் 57.

ஸ்லீப்பர் பக்கத்தில் காரின் கண்ணாடி, எப்படியும் விடப்போகும் இடைவெளிக்குள் அடங்கும் என்பதால் காருக்கு 64 போதும் என்று தோன்றுகிறது, ஸ்லீப்பரிலிருந்து 8. ஆக 186, 8, 64, 57, 464 எல்லாம் சேர்ந்து 779 அங்குலம். 65 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஏணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: 464 என்பது ஏணி இல்லாமல் அளந்தது. ஏணி 4 அங்குலம் வெளியே நிற்கிறது. அதைக் கழற்றி கராஜில் சாய்த்து வைத்துவிட்டேன்.

பட்டறையில் மேற்கட்டுமானக் கையேட்டைப் பற்றிக் கேட்டேன். “இதுவரை யாரும் கேட்டதில்லை” என்றார்கள். அங்கே போவதாக இல்லை. அச்சை நகர்த்துவதை மட்டும் செய்து, வெல்டிங் இல்லாமல் முடிக்கக்கூடிய வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அகலம்தான் இன்னும் தீரவில்லை. அடுத்த வாரம் 2012ஆம் ஆண்டுக் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். விற்பவர் பம்பர் உறைகளைக் கழற்றி அளக்கச் சம்மதித்திருக்கிறார். 102க்குள் வரவில்லை என்றால் வாங்காமல் திரும்பிவிடுவேன். பின்னால் காரை ஓட்டி வரும் யோசனையை மனைவியிடம் சொன்னேன். “நாளெல்லாம் உங்கள் டிரைலரின் முதுகையே பார்த்துக்கொண்டு வருவதற்கா வீட்டை வாடகைக்கு விடுகிறோம்?” என்று கேட்டார்.